கையைத் திட்டும் முன் பெல்லட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோதே இந்த விளையாட்டை ஊர் திரும்பிப் பார்த்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகு, தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்துப் பிள்ளைகளும் பிஸ்டல் பழக ஆசையோடு வருகிறார்கள். வந்த பிள்ளைகள் பாதியில் மனம் உடைந்து போகக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். தமிழில் இதை விரிவாக எழுதியவர்கள் குறைவு என்பதால் முழுவதையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பழகும் பிள்ளையின் புள்ளி ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். 9, 10, 9 என்று போய்க்கொண்டிருக்கும் இலக்கு அட்டையில் திடீரென ஒரு 7 விழும். உடனே பெற்றோரும் சில பயிற்சியாளர்களும் சொல்வது ஒன்றுதான்: கை ஆடுகிறது, கவனம் இல்லை, போனைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது. ஏர் பிஸ்டலில் போட்டு, அழுத்தக் காற்றால் சுடும் சிறு குண்டுதான் பெல்லட். "பெல்லட் சரியில்லை சார்" என்று பிள்ளை சொன்னால், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று வாயை அடைத்துவிடுகிறோம். பல நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பிஸ்டலாக இருக்கும். ஆனால் பெல்லட் அதன் பேரலுக்குள் எப்படி உட்காருகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பெல்லட் ஈயத்தால் ஆனது. விட்டம் 4.5 மி.மீ., எடை அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் தட்டையான தலை, நடுவே ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் உள்ளே குழிந்த மெல்லிய விளிம்பு. இந்த விளிம்பைத்தான் ஸ்கர்ட் என்கிறோம். தலை தட்டையாக இருப்பதால் அட்டையில் கிழிசல் இல்லாமல் வட்டமாகத் துளை விழும். பேரலின் உள்ளே சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களைத் தலை பிடித்துக்கொண்டு நேராகப் போகிறது. பின்னாலிருந்து வரும் காற்று கசியாமல் ஸ்கர்ட் அடைக்கிறது. நம் ஊர் அடிபம்பின் தோல் வாஷர் தண்ணீரின் அழுத்தத்தில் விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறதே, அதே வேலைதான். வாஷர் ஒரு பக்கம் மடிந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. ஸ்கர்ட் ஒரு பக்கம் நசுங்கிவிட்டால் காற்று அந்தப் பக்கமாக ஒழுகி, பெல்லட் கோணலாகக் கிளம்பும்.

ரைபிளுக்கு என்று விற்கும் பெல்லட் சுமார் 0.53 கிராம் இருக்கும். பிஸ்டலுக்கானது 0.45 முதல் 0.50 கிராம் வரை. எடை குறைந்த பெல்லட் பேரலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் என்பதால், ட்ரிகர் விழுந்த பிறகு கை அசைவது அதை அவ்வளவாகப் பாதிக்காது. எடை கூடிய பெல்லட்டைப் பிஸ்டலில் போட்டால் ஒன்றும் உடைந்துவிடாது. சிலருடைய பேரலுக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு.

இப்போது உட்காரும் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் அதிகப் புள்ளி போகிறது.

போட்டிக்கான பிஸ்டல்களில் பெரும்பாலும் லிவரைத் திறந்தால் பேரலின் பின்வாய்க்கு நேராக ஒரு சிறு பள்ளம் தெரியும். பெல்லட்டைத் தலை முன்னால் பார்க்க அதில் வைத்து மூடினால், போல்ட் எனும் தள்ளுதண்டின் மூக்கு அதை உள்ளே தள்ளும். மூக்கின் நீளம் மாறாது. ஆகவே ஆழமும் மாறாது என்று நினைத்துவிடுகிறோம். பெல்லட் நேராகப் படுத்திருந்தால் அது சரி. அவசரத்தில் விரல் நுனியிலிருந்து நழுவவிட்ட பெல்லட் சாய்ந்து நிற்கும். அப்படியே லிவரை அடித்து மூடினால், மூக்கு ஸ்கர்ட்டின் ஒரு விளிம்பை மட்டும் நசுக்கிக்கொண்டு தள்ளும். அல்லது தலையின் ஒரு ஓரம் பேரலின் வாயில் உரசி ஈயம் செதுக்கப்படும். இரண்டுமே வெளியே தெரியாது. சத்தம்கூடப் பெரும்பாலும் மாறாது. அட்டையில் 7 விழுந்த பிறகுதான் தெரியும், அப்போதும் பழி கையின் மீதுதான் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். பிஸ்டலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். பெல்லட்டை எடுத்ததும் ஸ்கர்ட்டின் விளிம்பு முழு வட்டமாக இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். பள்ளத்தில் வைத்து, கட்டைவிரலால் மெல்ல முன்னே நகர்த்தி, தலை பேரல் வாயைத் தொட்டு நேராக நிற்பதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். பிறகு லிவரை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் மூடுங்கள். வழக்கத்தைவிட இறுக்கமாகத் தெரிந்தால் வலிந்து மூட வேண்டாம். திறந்து பார்த்து, அந்தப் பெல்லட்டை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை வையுங்கள். 60 குண்டுக்கு 75 நிமிடம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி கூடுதலாகச் செலவிட்டாலும் மொத்தம் மூன்று நிமிடம்தான் ஆகும்.

பேரலையே மடக்கித் திறக்கும் பழைய பிஸ்டல்களில் கதை வேறு. அங்கே தள்ளுவதற்குப் போல்ட் கிடையாது, கட்டைவிரல்தான். ஸ்கர்ட் ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் பேரலை மூடும்போது விளிம்பு மடிந்துவிடும். ரொம்ப ஆழமாகத் தள்ளினால், ஒரு முறை ஆழமாகவும் மறுமுறை மேலாகவும் போய், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். பின்முகத்தோடு சமமாக, அல்லது அதற்குச் சற்றே உள்ளே என்று ஒரு அளவை வைத்துக்கொண்டு அதையே கடைசிவரை கடைப்பிடியுங்கள். விரல் நுனி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பெரியவர்களின் கட்டைவிரல் விளிம்போடு நின்றுவிடும், சிறு பிள்ளைகளின் விரல் உள்ளே அழுந்தும். உருண்டை முனையுள்ள பிளாஸ்டிக் குச்சி ஒன்றில், தேவையான ஆழத்துக்குமேல் போகாதபடி ஒரு தடுப்பு வளையம் போட்டு வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆணி, ஸ்க்ரூடிரைவர், பேனா முனை எதையும் பெல்லட்டின் குழிக்குள் விடாதீர்கள். நசுங்கிய ஸ்கர்ட்டைப் பேனா முனையால் விரித்துச் சரிசெய்கிறோம் என்று சிலர் செய்கிறார்கள். விரிந்த இடம் மெலிந்து, மற்ற இடம் தடித்து, முன்பிருந்ததைவிட மோசமாகும்.

ஆழம் மாறினால் வேகம் மாறும் என்றோம். அது எவ்வளவு புள்ளியைத் தின்னும்? ஏர் பிஸ்டல் பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 10 மீட்டர் தூரம் போவதற்குள் அது சுமார் 22 மி.மீ. கீழே இறங்குகிறது. அதைக் குறிமுள் சரிசெய்துவிடும். அதனால் கெடுதல் இல்லை. வேகம் 145 ஆகக் குறைந்தால் இன்னும் ஒன்றரை மி.மீ. கூடுதலாக இறங்கும். 140 ஆனால் 3 மி.மீ.க்கு மேல். பிஸ்டல் அட்டையில் 10-ம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே 10 என்பதால், பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சுட்டவர் கை 7 மி.மீ. கீழே வைத்த குண்டு, வேகக் குறைவால் இன்னும் ஒன்றரை மி.மீ. இறங்கினால் 9 ஆகிவிடும். அட்டையில் துளைகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஒரு கூட்டமாக விழுந்து, ஒன்றிரண்டு மட்டும் திசையில்லாமல் எகிறினால் ஸ்கர்ட்டைச் சந்தேகியுங்கள். இடமும் வலமுமாக நீண்டால் பெல்லட்டை விட்டுவிட்டு, விரல் ட்ரிகரை இழுக்கும் விதத்தைப் பாருங்கள்.

வேகம் குறைவதற்கு இன்னொரு காரணம், போல்ட் மூக்கிலோ பேரலின் பின்முகத்திலோ இருக்கும் ரப்பர் வளையம். அது தேய்ந்தால் காற்று பின்னால் வரும். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை மூடிய லிவரின் இடுக்கின் மேல் வைத்து, இலக்கை நோக்கிச் சுட்டுப் பாருங்கள். காகிதம் துள்ளினால் வளையத்தை மாற்ற வேண்டும். இதற்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் போடுவது வேண்டவே வேண்டாம். அழுத்தக் காற்று இருக்கும் இடத்தில் எண்ணெய் ஆபத்து; தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி போதும்.

வெடிமருந்துத் தோட்டாவிலும் இதே கேள்விதான், ஆனால் அங்கே போவது புள்ளி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்புகிறவர்கள், குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குகிறோம் என்பதில் உயிரை வைத்திருப்பார்கள். கொஞ்சம் அதிகம் இறங்கினால் மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். குறைவாக இறங்கினால் குண்டு வரிப்பள்ளத்தில் முட்டி, தோட்டா அறைக்குள் முழுதாகப் போகாது, பிஸ்டலும் மூடாது. 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது தர அளவு. அதற்குள் இருந்தாலும் அவர்கள் பேரலைத் தனியே கழற்றி, தோட்டாவை அதன் அறையில் போட்டுப் பார்ப்பார்கள்: 'டக்' என்று உட்கார வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். நம் நாட்டில் தோட்டா தயாரிப்பு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டிய வேலை. வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டியது அல்ல. ஆனால் அவர்களின் அந்தப் பழக்கத்தை, அதாவது குண்டு தன் துளையில் எப்படி உட்காருகிறது என்று சுடுவதற்கு முன்பே பார்த்துவிடுவதை, ஏர் பிஸ்டலுக்கு நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதைச் செய்யும் விதம்: காற்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பேரல் காலி என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு பெல்லட்டைப் பின்பக்கம் உட்காரவைத்து, பிளாஸ்டிக் பூசிய துடைப்புக் கம்பியால் மெல்ல வாய்ப்பக்கம் தள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு பிடிப்பு, பிறகு வழிநெடுகச் சீரான உரசல் இருக்க வேண்டும். பல பேரல்களில் வாய் அருகே துளை ஒரு இழை ஒடுங்கியிருக்கும். அங்கே கொஞ்சம் இறுகினால் பயப்பட வேண்டாம். வெளியே வந்த பெல்லட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சுற்றி மெல்லிய வரித்தடம் முழு வட்டமாக இருந்தால் அளவு சரி. ஒரு பக்கம் மட்டும் தடம் இருந்தாலோ, தடமே இல்லாவிட்டாலோ தலை சிறிது. தலை ஓரத்தில் ஈயம் சீவிச் சுருண்டு நின்றால் தலை பெரிது. ஸ்கர்ட்டிலும் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

தலை அளவு டப்பாவின் மேலேயே 4.49, 4.50, 4.51 என்று அச்சிடப்பட்டிருக்கும். இதை வீட்டில் வெர்னியர் வைத்து அளந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. சாதாரண டிஜிட்டல் வெர்னியரின் பிழையே 0.02 மி.மீ. இருக்கும்; 0.01 மி.மீ. வித்தியாசத்தை அதில் எப்படிப் பிடிப்பது? போதாததற்கு, மிருதுவான ஈயம் தாடைகளுக்கு நடுவே நசுங்கியும் விடும். துல்லியமாகத் துளையிட்ட தகட்டு கேஜ் இருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டால் அளவைப் பேரலிடமே கேளுங்கள்.

அதற்கு வழி, பிஸ்டலைக் கிளாம்ப்பில் பூட்டி 10 மீட்டரில் சுட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் பூட்டுங்கள். சிலிண்டர் அழுத்தம் ஒரே நிலையில் இருக்கட்டும். புது வகைப் பெல்லட்டுக்கு மாறும்போது முதல் 10, 15 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரலில் முந்தைய ஈயத்தின் பூச்சு மாறி நிலைபெற அவ்வளவு ஆகும். பிறகு 10 குண்டு வீதம் மூன்று அட்டை. மூன்றிலும் கூட்டத்தின் வெளிவிளிம்பு 7 மி.மீ.க்குள் நின்றால் அந்தப் பெல்லட்டை நம்பலாம். ஒரு அட்டை மட்டும் அழகாக வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒத்துப்போன டப்பாவின் தொகுதி எண்ணை எழுதி வைத்து, அதே எண்ணில் ஒரு பருவத்துக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள். பெயரும் தலை அளவும் அதேதான் என்று வேறு தொகுதியை வாங்கினால், முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறோம்: பழக ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளைக்கு 4.49-ஆ 4.50-ஆ என்று பெற்றோர் அலைய வேண்டியதில்லை. 60 குண்டில் 600-க்கு 540-ஐத் தொடாத கைக்கு அந்த வித்தியாசம் அட்டையில் தெரியாது. நசுங்காத ஸ்கர்ட்டும் நேரான உட்காரலும் முதல் நாளிலிருந்தே தெரியும். காசு செலவில்லாத இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். கண்ணாடிப் பலகையில் பெல்லட்டை உருட்டிப் பாருங்கள். நல்லது வளைந்த பாதையில் அமைதியாக உருளும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தரையில் விழுந்ததை எடுத்து மறுபடி டப்பாவில் போடாதீர்கள்.

நம் பகுதிக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. தளர்வாக நிரம்பிய 500 பெல்லட் டப்பாவைப் பையில் போட்டு, குழி விழுந்த சாலையில் பஸ்ஸில் கொண்டு போனால், ஈயம் ஈயத்தோடு மோதி ஸ்கர்ட் நசுங்காமல் என்ன செய்யும்? மூடிக்கு அடியில் வரும் ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பா காலியாகக் காலியாக, பெல்லட் குலுங்காதபடி இன்னும் ஸ்பாஞ்ச் வைத்து நிரப்புங்கள். நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்றிலும், ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பொடி பூத்த பெல்லட் பேரலில் சீராகப் போகாது. அந்தப் பொடி நஞ்சும்கூட. மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி இதை இன்னும் துரிதப்படுத்தும். தகர டப்பாவோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது நல்லது.

மழைக்காலத்தில் கைபம்பால் சிலிண்டர் நிரப்புகிறவர்கள் கவனிக்க: ஈரக் காற்றை 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால் தண்ணீர் உள்ளே தங்கும், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெடும், வேகம் ஆடும். உலர்ந்த காற்று நிரப்பிய பெரிய டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புவதே மேல். பிஸ்டல் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், பயிற்சியிலும் பயன்படுத்தக் கூடாது.

பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பெற்றோர் இதை உடனே நிறுத்த வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே முறுக்கோ மிக்சரோ எடுக்கட்டும். இலக்குப் பெட்டியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மி.மீ. துளைக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. நம் பிஸ்டல் ஐந்தாறு ஜூல்தான். அதனால் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணைப் பறிக்க அது போதும்.

கடைசியாக, டெல்டா மாவட்டங்களின் ரைபிள் கிளப்புகளுக்கும், பள்ளிகளில் தனியாகப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள். ஒவ்வொரு பயிற்சிக் கூடத்திலும் பொதுவாக ஒரு கிளாம்ப்பும் ஒரு தகட்டு கேஜும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை உறுப்பினர்களின் பேரல்களைச் சோதிக்க ஒதுக்கலாம். பெல்லட்டை மொத்தமாக வரவழைக்கும்போது மூன்று தலை அளவுகளிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, உறுப்பினர்கள் 50, 50 ஆக எடுத்துச் சோதித்த பிறகு தொகுதி எண் சொல்லி ஆர்டர் கொடுத்தால், ஏழைப் பெற்றோர் ஒத்துவராத முழு டப்பாக்களை வாங்கி வீணாக்க மாட்டார்கள். கடைக்காரர்களும் ரசீதில் தலை அளவையும் தொகுதி எண்ணையும் எழுதித் தர வேண்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு நிற்கும் நிலையும் பிடியும் சொல்லிக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே, பெல்லட்டைப் பள்ளத்தில் வைத்து நேராக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு லிவரை மூடவும் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏர் பிஸ்டல் பயிற்சியாளர்கள் சிலர்,
தஞ்சாவூர்.